அந்தப் படத்தில் வளைவுத் தையலே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மகளிர் பக்கத்தில் குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்த மாதிரி விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும், வளைவுத் தையல் புதியவர்களுக்கு ஆகாது என்று சொன்ன அதன் கடைசிப் பத்தியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செந்தூலில் பல வருடமாக ரவிக்கையும் பஞ்சாபி சூட்டும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் தைத்துக் கொடுக்கிறவள் நான். தீபாவளி அவசரம் முடிந்த பிறகு மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வெட்டுத் துணிகளை வைத்துப் போர்வை தைப்பது என் பழக்கம். எனவே இது படித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிற கடிதம் இல்லை.

முதலில் படம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அரக்கு என்று நிறம் நிறமாய் அலை அடிக்கிற ஒரு போர்வை. பார்க்க அழகுதான். அதன் கீழே, கைதேர்ந்தவர்கள் மட்டுமே தைக்கக்கூடிய வளைவுத் தையல் என்று எழுதியிருந்தீர்கள். பேப்பரைக் கொஞ்சம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பாருங்கள், அதில் ஒரு வளைந்த தையல்கூடக் கிடையாது. அத்தனையும் நேர்த்தையல். இந்த முறைக்குப் பார்ஜெல்லோ என்று பெயர். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் உள்ள பார்ஜெல்லோ மாளிகையின் பழைய நாற்காலி உறைகளில் இருக்கும் அலை அலையான ஊசிவேலையைப் பார்த்துப் பிறகு போர்வைக்குக் கொண்டுவந்தார்கள்.

செய்முறையைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். ஒரே அகலத்தில் வெட்டிய நீளமான துணிப்பட்டைகளை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை வரிசையாக அடுக்கி, நீளவாக்கில் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து ஒரு பெரிய வரித்துணி ஆக்க வேண்டும். அப்புறம் மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் சேர்த்துத் தைத்தால் அது குழாய் ஆகிவிடும். கைலி மூட்டுகிறோமே, அதே வேலை. அந்தக் குழாயைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்டுவார்கள், ஒன்று 1 இஞ்ச், அடுத்தது 1½, அடுத்தது 2, 2½, திரும்ப 2, 1½, 1 என்று. ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு தையலைப் பிரித்தால் அது மறுபடி நேர்ப்பட்டை ஆகும். எந்தத் தையலைப் பிரிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் வளையத்தில் மஞ்சளுக்கு மேலே பிரித்தால் அடுத்ததில் ஒரு நிறம் தள்ளிப் பிரிக்க வேண்டும், அதற்கு அடுத்ததில் இன்னொரு நிறம் தள்ளி. இப்படிப் பிரித்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நிறம் படிப்படியாக ஏறும், இறங்கும். குறுகலான பட்டைகள் வரும் இடத்தில் ஏற்றம் செங்குத்தாகவும் அகலமான பட்டைகள் வரும் இடத்தில் சாய்வாகவும் தெரியும். கண்ணுக்கு அலை, மெஷினுக்கு நேர்க்கோடு.

ஆக, கட்டுரை எதை ஆகக் கடினம் என்று படம் போட்டுக் காட்டியதோ அது கட்டுரை எதை ஆகச் சுலபம் என்று சொன்னதோ அந்தப் பட்டை முறையிலேயே தைத்தது. படம் மாறிப்போவது எந்தப் பத்திரிகையிலும் நடக்கும், விட்டுவிடலாம். அந்தப் படத்தைக் காட்டி, புதியவர்கள் நேர்ப்பட்டைகளோடு நின்றுகொள்வது நல்லது, வளைவு ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கு என்று வாசகிகளிடம் சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை.

நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். சேலைக்கு ரவிக்கை தைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் வளைவுத் தையல் ஏற்கெனவே கைவந்த வேலை. அவள் புதிதாகப் பழக வேண்டியது நேர்ப்பட்டையைத்தான்.

யோசித்துப் பாருங்கள். ரவிக்கையில் எங்கே நேர்க்கோடு இருக்கிறது? கழுத்து வளைவு, கைக்குழி வளைவு, கையின் மேல்பக்கம் வளைவு. பிரின்சஸ் கட் என்று இன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் எல்லாரும் கேட்கிறார்களே, அதில் நடுத்துண்டும் பக்கத்துண்டும் சேரும் இடத்தில் ஒன்று வெளியே புடைத்திருக்கும், இன்னொன்று உள்ளே குழிந்திருக்கும், இரண்டையும் சுருக்கம் விழாமல் சேர்க்க வேண்டும். குவில்ட்காரர்கள் வளைவுத் தையல் என்று பயமுறுத்துவது இதையேதான். பாஜு கூரோங்கை எடுத்துக்கொண்டால், பழைய முறைப்படி வெட்டினால் எல்லாம் நேர்த்துண்டுகள். கைக்குழி வளைவே கிடையாது, கக்கத்தில் ஒரு சின்னச் சதுரத் துண்டை வைத்துச் சமாளித்திருப்பார்கள். அது அந்த உடையின் அழகு. நம் ரவிக்கை அப்படி இல்லை, உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய உடுப்பு, வளைவு இல்லாமல் நடக்காது.

இன்னும் ஒன்று. ரவிக்கைக்குக் கை வைக்கும்போது கையின் மேல்வளைவு பல நேரம் கைக்குழியைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். தையல் கோட்டிலேயே நீளம் வித்தியாசம், அதைக் கொசுவம் தெரியாமல் உள்ளே அமுக்கித் தைக்கிறோம். குவில்ட்டின் கால்வட்டத்தில் அந்தத் தொல்லையே இல்லை. தையல் கோடு இரண்டு துண்டிலும் ஒரே நீளம். வெட்டிய விளிம்புதான் வேறுபடும், ஏனென்றால் புடைத்த துண்டுக்குத் தையலுக்கு விடும் கால் இஞ்ச் வெளிப்பக்கம் போகிறது, குழிந்த துண்டுக்கு உள்பக்கம் போகிறது. எவ்வளவு வேறுபடும் என்று கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். கால்வட்டம் 2 இஞ்ச் ஆரமாக இருந்தாலும் சரி, 8 இஞ்ச் ஆரமாக இருந்தாலும் சரி, இரண்டு விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.79 இஞ்ச், அதாவது முக்காலுக்குக் கொஞ்சம் மேல். ஆரம் எவ்வளவாக இருந்தாலும் அது மாறாது. 8 இஞ்ச் ஆரத்தில் அந்த முக்கால் இஞ்ச் பன்னிரண்டரை இஞ்ச் நீளத் தையலில் பரவிப் போய்விடுகிறது, கைக்குத் தெரியவே தெரியாது. 2 இஞ்ச் ஆரத்தில் அதே முக்கால் மூன்றே சொச்சம் இஞ்ச் தையலுக்குள் அடங்க வேண்டும், அங்கேதான் துணி முரண்டு பிடிக்கும். வகுப்புகளில் புதியவர்களுக்குச் சின்னச் சின்ன வட்டம் கொடுத்துப் பழக்குகிறார்கள், துணி மிச்சம் என்று. அதனால்தான் அவர்கள் ஓடிவிடுகிறார்கள். பெரிய வட்டத்தில் ஆரம்பியுங்கள் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிப் பேர் பயந்திருக்க மாட்டார்கள்.

குடிகாரன் பாதை என்று அமெரிக்காவில் ஒரு பழைய வடிவம் உண்டு. ஒரு சதுரம், அதன் ஒரு மூலையில் ஒரு கால்வட்டம், அவ்வளவுதான். சதுரங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் தள்ளாடி நடக்கிற பாதை மாதிரி வளைந்து போகும். அதே சதுரத்தை நான்காகச் சேர்த்தால் முழு வட்டம். ஒரே துண்டுதான், அடுக்குகிற விதத்தில் எத்தனையோ கோலம் வரும். வாசலில் கம்பிக்கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதை வெட்டும் விதம் இது. தைத்து முடித்தால் 6 இஞ்ச் வரும் சதுரத்துக்கு 6½ இஞ்ச் சதுர அட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மைலோ டப்பா அட்டையோ கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையோ போதும். மூலையிலிருந்து இரண்டு பக்கமும் கால் இஞ்ச் உள்ளே தள்ளி ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் மையம். ஒரு அட்டையில் அந்த மையத்திலிருந்து 4¼ இஞ்ச் ஆரத்தில் வளைவு போட்டு உள்பக்கத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள், அது புடைத்த துண்டு. இன்னொரு அட்டையில் அதே மையத்திலிருந்து 3¾ இஞ்ச் ஆரத்தில் வளைவு போட்டு வெளிப்பக்கத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள், அது குழிந்தது. தையல் விழும் கோடு இரண்டுக்கும் நடுவே 4 இஞ்சில் வரும். துணியில் வைக்கும்போது நேர் ஓரங்கள் நேர் நூலோடு போக வேண்டும். வளைவின் நடுப்பகுதி தானாகவே கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வந்துவிடும், அந்த இழுவைதான் நமக்கு உதவி. தையல்காரிக்குக் கிராஸ் துணியின் குணம் தெரியாதா என்ன, கழுத்துக்குப் பட்டி வைக்கிறதே அதில்தானே.

தைக்கும்போது இரண்டு துண்டையும் பாதியாக மடித்து விரலால் அழுத்தி நடுக்கோடு எடுத்துக்கொண்டு, நடுவுக்கு நடு ஒரு குண்டூசி, ஓரத்துக்கு ஓரம் ஒவ்வொன்று. குழிந்த துண்டு மேலே இருக்க வேண்டும், அதைத்தான் கையால் நகர்த்தி நகர்த்திக் கொடுக்க முடியும். குழிந்த ஓரத்தில் எட்டில் ஒரு பங்கு இஞ்சுக்கு மேல் போகாமல் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால் திறந்து கொடுக்கும், பெரிய வட்டமானால் அதுவும் வேண்டாம். தையலைக் கொஞ்சம் நெருக்கமாக, 2 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்துக்கொண்டு, நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கப் பார்த்துக்கொண்டு, அழுத்துகாலைத் தூக்கித் துணியைத் திருப்பித் திருப்பித் தைத்துப்போக வேண்டும். முடிந்ததும் தையலை வெளிப்பக்கத் துண்டை நோக்கிச் சாய்த்து அயர்ன் பண்ணுங்கள். அதற்குப் பிறகும் சதுரம் கொஞ்சம் கோணலாக வந்தால் அடுத்த முறை நேர் ஓரங்களில் அரை இஞ்ச் கூட விட்டு வெட்டித் தைத்த பிறகு 6½ சதுரமாக ஒழுங்கு செய்துகொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இனி நேர்ப்பட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரை அதை விளையாட்டு மாதிரி எழுதிவிட்டது. பட்டை முறையின் வேகம் உண்மை. சதுரம் சதுரமாக வெட்டித் தைப்பதைவிட நீளப்பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, குறுக்கே வெட்டி, மாற்றி அடுக்கித் தைத்தால் வேலை பாதிக்குப் பாதி குறையும். ஆனால் அது மன்னிக்காது. 2½ இஞ்ச் பட்டை ஆறைச் சேர்த்தால் 12½ இஞ்ச் வர வேண்டும். கால் இஞ்ச் தையல் என்று நினைத்துக்கொண்டு பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் கூடுதலாக எடுத்தீர்களானால் ஒரு தையலுக்கு இரண்டு பட்டையிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போகிறது, ஐந்து தையலில் அரை இஞ்சுக்கும் மேல் காணாமல் போகிறது. அடுத்த வரித்துணியை வேறொரு நாள் சரியாகத் தைத்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராது.

ரவிக்கைக்காரிக்கு இங்கேதான் கை இடறும். நம் பழக்கமே உள்ளே துணி விட்டுத் தைப்பது. அடுத்த கல்யாணத்துக்குள் அக்கா இரண்டு சுற்றுப் பெருத்துவிடுவார், பிரித்துவிட வேண்டும் என்று பக்கவாட்டில் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டுத்தான் தைக்கிறோம். தையல் கோடு நூல் அளவு அப்படி இப்படிப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். போர்வையில் அந்தச் சலுகை கிடையாது, கால் இஞ்ச் என்றால் கால் இஞ்ச்தான். மெஷினில் அழுத்துகாலின் ஓரத்தை நம்பாதீர்கள், நிறைய மெஷினில் அது கால் இஞ்ச் இல்லை. ஊசியிலிருந்து அளந்து தகட்டில் மாஸ்கிங் டேப் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு 1½ இஞ்ச் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து அயர்ன் பண்ணி நடுப்பட்டையை அளந்து பாருங்கள், சரியாக 1 இஞ்ச் இருந்தால் போர்வையில் கை வைக்கலாம். நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. துணியை மீட்டரில் வாங்குகிறோம், தையலுக்கு இஞ்ச் டேப், பிள்ளையின் பள்ளிக்கூட ரூலரோ சென்டிமீட்டர். கால் இஞ்ச் என்பது 6.35 மில்லிமீட்டர், 6 என்று வைத்துக்கொண்டால் தையலுக்குத் தையல் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

பட்டை வெட்டும்போது மடித்த துணியின் மடிப்புக்குச் சரியாகச் செங்கோணத்தில் ரூலர் நிற்கவில்லை என்றால், விரித்துப் பார்க்கும்போது பட்டை நடுவில் முறிந்து கிடக்கும். எல்லாத் தையலையும் ஒரே பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தைத்தால் வரித்துணி முழுவதும் வில்லாய் வளையும். ஒன்றை இந்த முனையிலிருந்து, அடுத்ததை அந்த முனையிலிருந்து என்று மாற்றித் தைக்க வேண்டும். அயர்ன் பெட்டியைத் தேய்த்து இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இதெல்லாம் சொல்லாமல் நேர்ப்பட்டை சுலபம், வளைவு கடினம் என்று எழுதினால் ஒரு பெண் நேர்ப்பட்டையிலேயே தோற்றுப்போய், சுலபமானதே வரவில்லை, எனக்குக் கை வராது என்று மெஷினை மூடிவிடுவாள். அதைத்தான் நான் என் கண்ணால் பார்க்கிறேன்.

இரண்டையும் சேர்த்தால்தான் உண்மையான அழகு இருக்கிறது, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. 1½ இஞ்ச், 2 இஞ்ச் என்று அகலம் மாற்றிப் பட்டைகளைச் சேர்த்து ஒரு வரித்துணி தைத்துக்கொண்டு, அதன்மேல் அந்தப் புடைத்த அட்டையை வைத்துக் கால்வட்டம் வெட்டுங்கள். வெளித்துண்டு ஒற்றை நிறமாக இருக்கட்டும். நான்கைச் சேர்த்தால் வரிகள் வட்டத்துக்குள் ஒரு பக்கம் ஓடி இன்னொரு பக்கம் திரும்பும், யாரும் ஒரே அட்டையில் வெட்டியது என்று நம்ப மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: வரித்துணியின் தையல்கள் வளைவுக் கோட்டில் வந்து முட்டும் இடத்தில் துணி நான்கு மடிப்பு சேர்ந்து தடித்துப்போகும், அங்கே ஊசி உடையும். வரித்துணியின் தையல்களில் மட்டும் உள்ளே விட்ட துணியை இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் பண்ணிவிட்டால் தொல்லை குறையும்.

அப்புறம் செலவு. கட்டுரை முன்கூட்டியே வெட்டிச் சுருட்டி விற்கும் 2½ இஞ்ச் பட்டைச் சுருளை வாங்கச் சொல்கிறது. நாற்பது சொச்சம் பட்டை ஒரே சுருளில், நிறம் பார்த்துச் சேர்த்தது, வசதிதான், வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அப்படி. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் மஸ்ஜிட் இந்தியாவிலும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் பருத்தித் துணி மீட்டரில் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, வீட்டு அலமாரியில் கட்டாத சுங்குடிச் சேலை தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஆரம்பமே அந்தச் சுருளா என்பதுதான் என் கேள்வி. ஒரு பருத்திச் சேலை ஐந்தரை மீட்டர். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட்டு உடலை மட்டும் பயன்படுத்தினால் ஒரு குழந்தைப் போர்வையின் மேல்பக்கம் தாராளமாக வரும். தையல் கடையில் விழும் லைனிங் துண்டு, டூ பை டூ ரவிக்கைத் துண்டு எல்லாம் நல்ல துணிதான். கைக்குழி வெட்டும்போது விழுகிற துண்டே கிட்டத்தட்ட கால்வட்டம், அதைக் குப்பையில் போடுகிறோம். துண்டு பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காமல் இருப்பது நல்லது, துவைத்ததும் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. சிவப்பையும் அரக்கையும் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெள்ளையோடு சேர்க்க வேண்டும், இதையும் கட்டுரை சொல்லவில்லை.

பாத்தேக் துணி வேண்டும் என்கிறவர்களுக்கு: பருத்தி பாத்தேக் தங்கமான துணி, நெருக்கமான நெசவு, வளைவுக்கு நன்றாகப் பணிந்து வரும். ரேயோன் பாத்தேக்தான் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கும் வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. வேட்டிக்குப் போடுகிற சோற்றுக்கஞ்சியை நீர்க்க வடிகட்டி, துணியை முக்கிக் காயவைத்து அயர்ன் பண்ணி வெட்டினால் துணி காகிதம் போல நிற்கும், கிராஸ் ஓரம்கூட இழுபடாது. தைத்து முடித்ததும் கட்டாயம் துவைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கஞ்சித் துணியை அலமாரியில் வைத்தால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் சும்மா விடாது.

இந்த வெயிலில் போர்வை எதற்கு என்று சிரிக்கிறவர்கள் ஏர்கண்டிஷனைப் பதினெட்டில் வைத்துத் தூங்கும் பிள்ளைகளின் அறைக்குப் போய்ப் பார்க்கட்டும். ஆனால் கட்டுரை சொன்ன தடித்த பாலியஸ்டர் பஞ்சு நமக்கு ஆகாது, பாதி ராத்திரியில் வேர்த்து ஒழுகும். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பழைய பருத்தி வேட்டி ஒன்றை விரித்து மூன்றையும் சேர்த்து ஓட்டத்தையல் போட்டால் போதும். தோட்டத்து லயத்தில் என் பாட்டி பழைய சேலைகளை மடித்து மடித்துத் தைத்தது இப்படித்தான், விடியற்காலை பனியில் பால் வெட்டப் போகிறவர்கள் வீட்டில் அது இல்லாமல் முடியாது.

இது ஏதோ வெள்ளைக்காரர் கலை என்கிற தொனியும் கட்டுரையில் இருந்தது. பட்டை முறையையே எடுத்துக்கொண்டால், துணிப்பட்டைகளை மெஷினில் சேர்த்துத் தைத்து, குறுக்கே வெட்டி, தள்ளி வைத்து மறுபடி தைப்பதை ஃபுளோரிடாவில் இருக்கும் செமினோல் பழங்குடிப் பெண்கள் 1920களிலேயே கையால் சுற்றும் மெஷினை வைத்துச் செய்தார்கள், அதுவும் விரல் அகலம்கூட இல்லாத பட்டைகளில். உருளும் கத்தியான ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்த பிறகுதான் இது உலகம் முழுக்க வேகமாகப் பரவியது. அந்தக் கத்தி இல்லாமலும் தைக்கலாம், நல்ல கத்தரிக்கோலும் பென்சிலும் இருந்தால் போதும், நேரம் மட்டும் கூடும். வாங்கினால் கண்டிப்பாக மூடி போட்டு வையுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது பிளேடுதான். வங்காளத்துக் காந்தா, கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போகும் கவந்தி, இங்கே மலாய் வீடுகளின் ஒட்டுத்துணிப் போர்வை, நம் தேர்களில் தொங்கும் தொம்பை, எல்லாம் துண்டுத்துணியை அழகாக்கிய வேலைதான். தைப்பூசத்துக்குத் தேர் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த முறை சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தொம்பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள், துண்டு வைத்துத் தைத்த பூக்களின் ஓரத்தைப் பாருங்கள். வளைவு நமக்கு எட்டாது என்று அதன்பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

குடியிருப்புப் பகுதி மண்டபங்களில் பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் போய்ப் பார்த்த ஒரு வகுப்பில், பெயர் வேண்டாம், ரவிக்கை தைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்களை உட்காரவைத்து மூன்று மாதம் சதுரம் வெட்டி ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கத் தெரியாது, பேச்சில் தெரிந்தது. அந்த அம்மாக்களிடம் ஒரு கால்வட்டத்தைக் கொடுத்திருந்தால் தேநீர் இடைவேளைக்குள் தைத்துக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு கால் இஞ்சை நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம், கேட்டுக்கொள்வார்கள், ஏனென்றால் அழகான ஒன்றை அதற்குள் தைத்துப் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்காமல் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது நம் ஊர் வகுப்புகளின் பழைய வியாதி, தையலில் மட்டும் இல்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான், ஆசிரியரே. படத்தின் கீழே போட்ட வரியை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள், பார்ஜெல்லோ நேர்த்தையல் என்று தெரிந்தால் பட்டை முறை பழகுகிறவர்களுக்கும் அது ஒரு தெம்பு. இன்னொன்று, முடிந்தால் அதே பக்கத்தில் மேலே நான் சொன்ன 6½ இஞ்ச் சதுரத்தின் இரண்டு துண்டுகளையும் அசல் அளவிலேயே அச்சடித்துக் கொடுங்கள், வாசகிகள் கத்தரித்து அட்டையில் ஒட்டிக்கொள்வார்கள். பக்கத்திலேயே சரியாக 1 இஞ்ச் நீளத்தில் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். அச்சில் படம் சுருங்கியிருந்தால் அந்தக் கோட்டை அளந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம், துணியை வெட்டுவதற்கு முன்னால்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்